விசில் ஊதினால் நிற்கும் அணி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் இன்று பிள்ளைகளுக்கு உள்ளக விளையாட்டுப் போட்டி. மெத்தையில் உருண்டு, துணிச் சுரங்கத்தில் தவழ்ந்து, ஓடிப்போய் மணியை அடிக்க வேண்டும். ஒரு பக்கம் எங்கள் பிள்ளைகள். மறுபக்கம் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்தவர்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. கோப்பைக்காக ஒரு கிழமையாக வீட்டு விறாந்தையில் உருண்டு பழகியவள்.

போட்டியை நடத்தும் மாஸ்டர் விசில் ஊதினார். லண்டன் பிள்ளைகள் பாய்ந்தார்கள். எங்கள் ஆறு பேரும் அசையாமல் நின்றார்கள். ஒருவன் உடல் சோதனைக்குத் தயாராகக் கைகளையும் விரித்துக்கொண்டான்.

"ஏன் பிள்ளை ஓடேல்லை?"

"விசில் ஊதினா அசையக் கூடாது எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். பிரதான காலி வீதியில் அமைச்சர்களின் வாகனங்கள் போக, ஆமிக்காரர் விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தும்போது வேறென்ன சொல்வது?

மாஸ்டர் நல்ல மனிதர். மறுபடி தொடங்கச் சம்மதித்தார். பக்கத்து வீட்டு ராணி அக்கா யோசனை சொன்னார்:

"விசிலை விடுங்கோ மாஸ்டர். செக்பொயின்ற்றில ஆமிக்காரர் போகச் சொல்லுற மாதிரி, 'யன்ன' எண்டு சிங்களத்தில சொல்லிப் பாருங்கோ. போவினம்."

சொன்னார். போனார்கள். வரிசையாக, திரும்பிப் பார்க்காமல், நடந்து.

"ஓடு பிள்ளை" என்று கத்தினேன்.

"ஓடினா சந்தேகப்படுவினம் அப்பா" என்று சுரங்கத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

கோப்பை லண்டன் பிள்ளைகளுக்கு. அடுத்த சனிக்கிழமை இன்னொரு போட்டி இருக்கிறது. மகளை ஓட வைக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஒரேயொரு நிபந்தனை: மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் அதை மறந்துவிட வேண்டும்.