அப்பாவுக்கு நான் சொன்ன சாட்சி

என் அப்பா குடிக்கமாட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூரில் இன்றைக்கும் சிலர் வேறு மாதிரிச் சொல்வார்கள். அதற்குக் காரணம் நான்.

எங்களுடையது சிதம்பரத்துப் பக்கம் நெல் விதைக்கிற குடும்பம். தாத்தா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வருவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். மூன்று தலைமுறையாக வீட்டில் கறி இல்லை, சாராயம் இல்லை, பீடி இல்லை. கொசுவை அடித்தால்கூடத் தாத்தா முறைப்பார். அந்த வீட்டிலிருந்துதான் அப்பா வளைகுடாவுக்கு எண்ணெய்க் கிணறு தோண்டப் போனார். அத்தைக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது, போனார். கல்யாணம் முடிந்தது. அப்பா ஒரேயடியாகத் திரும்பவில்லை. பன்னிரண்டு வருசம்.

ரிக் வேலை. பூமிக்குள் இரும்புக் குழாய் இறக்க வேண்டும். ஒரு குழாயோடு இன்னொன்றைப் பூட்ட வேண்டும். அப்படிப் பூட்டும்போது சங்கிலியில் சிக்கி இடது கையில் ஆள்காட்டி விரல் பாதி போனது. மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டு மாசம் இருப்பார். எனக்கு அவர் சாக்லேட் டப்பாவோடு வருகிற ஒரு விருந்தாளி.

எனக்கு எட்டு வயசானபோது வந்தார். சுனாமி அலை வந்துபோய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. அந்தத் தடவை சாக்லேட் இல்லை, பைபிள் இருந்தது. சிதம்பரத்தில் ஞானஸ்நானம் எடுத்தார். இனி ஊழியம்தான், கிணற்றுக்குப் போகப் போவதில்லை என்றார். தாத்தா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "கறி திங்கச் சொல்றாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

அம்மா குங்குமத்தை எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கச் சொல்லவில்லை. அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஏதாவது ஒரு சபையில உங்கள ஊழியக்காரரா வச்சிக்கட்டும், இருங்க. இல்லன்னா லீவு முடிஞ்சதும் கெளம்புங்க. சும்மா பைய மாட்டிக்கினு ரோட்டுல சுத்தறதெல்லாம் வேணாம்."

அப்பா சரி என்றார். அவர் எதற்கும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பயம். அப்போதுதான் அவர் என் தலையில் எண்ணெய் வைக்கப் பழகியிருந்தார். விரல் பாதி இல்லாத கை, ஆனாலும் அம்மாவைவிட மெதுவாக வைப்பார். அவர் போகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

கடலூரில் தேவனாம்பட்டினத்து மீனவர் தெருவில் ஒரு சின்னச் சபை இருந்தது. ஊழியக்காரர் இல்லாமல் காலியாக இருந்தது. அதற்கு ஆள் வைக்கிறவர் கடலூர் பாஸ்டர். புது ஆள் முதலில் சாட்சி சொல்ல வேண்டும். நான் முன்னால் எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார் என்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி.

அப்பா வீட்டில் நின்று சொல்லிப் பார்த்தார். "ஒருநாள் கிணறு உறுமிச்சி. கேஸ் மேல வந்துடுச்சி. ஓடனோம். தப்பிச்சோம். பக்கத்துக் கட்டில்காரரு முட்டிபோட்டு ஜெபம் பண்ணாரு. நானும் போட்டேன்." அவ்வளவுதான். கேட்க ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கதவில் சாய்ந்துகொண்டு அப்பாவைக் கேட்டார்.

"மாமா, முன்ன இன்னா பாவம் பண்ணீங்கன்னு வரலியே?"

"பாவம்னா எல்லாரும்தான் பாவி."

"அது இல்ல. பெருசா ஏதாச்சும். அவனவன் கொலகேஸ்லர்ந்து வந்து சொல்றான். நீங்க ஒரு பீடிகூட இழுத்ததில்ல. ஒரு குவாட்டராச்சும் சேத்துக்குங்க. இல்லன்னா இந்தச் சாட்சி நிக்காது."

"பொய் சொல்லவா ஊழியத்துக்கு வந்தேன்?"

"எனக்கு இன்னா. திரும்பிப் போற டிக்கெட் பீரோவுல இருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, போய்ப் படி என்றாள்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சனிக்கிழமை கூலி வாங்கினால் நாலு வீட்டில் சத்தம் கேட்கும். அம்மா வாசலில் இறங்கி நின்று நியாயம் பேசுவாள். "எங்க வூட்டுக்காரரு என்னிக்காச்சும் எம்மேல கை வச்சிருக்காரா, கேளு" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வீங்கின கன்னத்தோடு சொன்னாள்: "கை வக்க ஆளு ஊருல இருக்கணும் இல்ல." அம்மா உள்ளே வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

கூட்டம் கடலூர் மஞ்சக்குப்பத்தில், காலையில். பந்தல் நிறைய ஜனம். அப்பாவுக்கு முன்னால் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். முதல் ஆள் கத்திக்குத்து. அடுத்தவர் ஒரு லாரி டிரைவர், பெரிய குடிகாரர். சாட்சி முடிந்ததும் பாஸ்டர் அவர் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டு, பையனிடம் மைக்கை நீட்டினார். "எங்கப்பா குடிச்சிட்டு எங்கம்மாவ அடிப்பாரு. இப்ப அடிக்கிறதில்ல" என்றான் அவன். பந்தலே அழுதது. அல்லேலூயா என்று கை தட்டினார்கள்.

அப்பா ஏறினார். தைரியமாக ஏறினார். கிணறு உறுமியது, ஓடினோம், தப்பித்தோம், முட்டி போட்டேன், ஸ்தோத்திரம். பந்தலில் விசிறிச் சத்தம் கேட்டது. ஒரு கிழவி கொட்டாவி விட்டாள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முறை விடக் கூடாது என்று எங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு என்னிடம் மைக்கை நீட்டினார்.

"சொல்லு பாப்பா. அப்பா முன்ன எப்படி இருந்தாரு?"

நான் யோசிக்கவில்லை. அந்தப் பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்று மட்டும் சொந்தமாகச் சேர்த்தேன். "ஒருநாள் கட்டையால அடிச்சாரு. ரத்தம் வந்துச்சி."

பந்தல் எழுந்து நின்றது. கொட்டாவி விட்ட கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் யார் என்று தெரியாதவர்போல் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"புள்ள தெரியாம சொல்லுது. நான் குடிச்சதில்ல. அடிச்சதில்ல."

"வெக்கப்படாதீங்க பிரதர்" என்று பாஸ்டர் அவர் தோளில் கை போட்டார். "ஆண்டவரு மன்னிச்சிட்டாரு."

"ஐயா, நெஜமா இல்லீங்க."

"எங்கூட்டு ஆளும் இப்படித்தான், ஒத்துக்கவே மாட்டாரு!" என்று கீழேயிருந்து ஒரு பெண் கத்தினாள். பாஸ்டர் அப்பாவின் இடது கையைப் பிடித்து உயர்த்தி, பாதி விரலைக் காட்டினார். குடியில் போன விரல் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அப்பா கையை இழுத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு."

பந்தல் அடங்கியது. பாஸ்டர் மைக்கை அம்மாவிடம் நீட்டினார். "சிஸ்டர், புள்ள சொன்னது உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கும். வாரம் ஒருமுறை தெருவில் நின்று சொல்கிறவள்தானே. சொல்லிவிட்டால், பொய் பேசிய பிள்ளை என்று நானும் நிற்பேன், அப்பாவும் போய்விடுவார்.

அம்மா மைக்கை வாங்கவில்லை. அப்பாவை ஒருதரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள்.

அல்லேலூயா என்ற சத்தத்தில் பந்தல் ஓலை ஆடியது. கீழே இறங்கியதும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்தார்கள். அவள் முழங்கையில் கஞ்சி வடிக்கும்போது சுட்ட தழும்பு ஒன்று உண்டு. ஒரு மீன்காரம்மா அதைத் தடவி, "எவ்ளோ அடி வாங்குனியோ தாயி" என்று அழுதாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தேவனாம்பட்டினம் சபையை அன்றைக்கே அப்பாவுக்குக் கொடுத்தார்கள். அப்பா வேண்டாம் என்றார். "நீங்க சொன்னத யாரு கேட்டா? செய்யற வேலைய நெசமா செய்யுங்க" என்று அம்மா சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். இன்றுவரை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்து அங்கேதான் ஊழியம் செய்கிறார். எந்த மேடையிலும் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை. ஆனால் குடிகாரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இவருக்குத் தெரியும், இவரும் குடித்தவர்தானே என்று வந்தார்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் "நான் குடிச்சதில்லப்பா" என்பார். அவர்கள் தலையாட்டிவிட்டு அழுவார்கள். பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டு, கேட்க மட்டும் கேட்டார். நிறையப் பேர் குடியை விட்டிருக்கிறார்கள்.

பேச்சு வயல்வரை வந்தபோது தாத்தாதான் தாங்கவில்லை. மகன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததைத் தாங்கியவர் குடை எடுத்துக்கொண்டு கடலூர் போனார். "எம்மவன் குடிகாரன் இல்ல" என்றார் பாஸ்டரிடம். பாஸ்டர் அவருக்காகவும் ஒரு ஜெபம் செய்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அம்மா அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வாசலில் இறங்கி நிற்கவில்லை. எதிர்வீட்டு அக்கா எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து ரவிக்கையை விலக்கி முதுகைக் காட்டுவாள். அம்மா மஞ்சள் அரைத்துப் போடுவாள். அடி என்றால் என்னவென்று தெரியாத அம்மா, தெரிந்தவள்போல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பாவை நிறுத்தியது நான்தான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அவர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். அம்மா போங்க என்று சொன்னவள் ஆயிற்றே.

அன்றைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். அம்மா ஜன்னல் பக்கம், நான் அவள் மடியில். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு குலுங்கியது. என்னால்தான் அழுகிறாள் என்று பயந்து அண்ணாந்து பார்த்தேன். அழவில்லை. அப்பாவின் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் முன்னால் மானம் போனபிறகு இதற்கு என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழாது என்பது மட்டும் தெரிந்தது. தூங்கிவிட்டேன்.