மெர்ல் ஸ்லெட்டனின் பங்காளி

மெர்ல் ஸ்லெட்டனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தகரப் பலகை. ஒரே குடும்பம் நூறு வருஷமாக உழுகிற நிலம் என்று மினசோட்டாக்காரர்கள் பண்ணை வாசலில் மாட்டிக்கொள்வார்களே, அது. கோடைச் சந்தையில் மேடையேற்றி, ஊரறியப் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். அறுபது வயது மனுஷன் அதற்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கினார். வாய்விட்டுக் கேட்கிற ரகமில்லை. வாசல் கம்பத்தில் ஆணியை மட்டும் அடித்து வைத்துவிட்டார்.

அந்த ஆணியைப் பார்த்துத்தான் அவர் மனைவி ஆர்டிஸ் குடும்ப வரலாற்றைத் தோண்டக் கிளம்பினாள். அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். பன்றிக்குப் பிரசவம் பார்ப்பதும், தேவாலய அடித்தளத்தில் ஊருக்கே காபி போடுவதும் அவளுக்கு ஒரே வேகம்தான். பிள்ளைகள் மூன்று. லோவெல் நகரத்தில் காப்பீடு விற்கிறான், ஜெனல் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள், கடைக்குட்டி ட்வைட் அப்பாவோடு உழுகிறான். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி என்ன தெரியும் என்று மூன்று பேரையும் குடைந்தாள்.

"நார்வேலேர்ந்து தன்னந்தனியா ஒரு பெட்டியோட வந்தாரு. அப்பா ஆயிரம் தடவ சொல்லியாச்சும்மா," என்றாள் ஜெனல். மற்ற இருவருக்கும் அதே பெட்டிதான் தெரிந்திருந்தது.

பெட்டிக்கு அப்பால் ஒன்றும் கிடைக்காமல் ஆர்டிஸ் சோர்ந்திருந்தபோது, மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள் வந்தது. வழக்கமாக முந்தின நாளே வைத்துவிடுவாள். இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டதால் அன்று காலையில்தான் போனாள். காபி டப்பாவில் வெள்ளித்தாள் சுற்றி, தோட்டத்துப் பியோனிப் பூக்களோடு போனால், மெர்லுடைய கொள்ளுப்பாட்டி குன்ஹில்டின் கல்லறை முன்னால் டெலோரஸ் பாக்கன் மண்டியிட்டிருக்கிறாள்!

டெலோரஸ் எதிர்ப் பண்ணைக்காரி. அவள் புருஷன் ஹார்லன்தான், இருபது வருஷத்துக்கு முன் தானியக் கிடங்கில் நாலு பேர் எதிரில், "மெர்ல் விதைச்ச வரிசையப் பாத்தா பாம்புக்கே தலை சுத்தும்" என்று சொன்னவர். சோள வரிசை கோணல் என்பது அங்கே லேசான பேச்சில்லை. பெண்டாட்டி சமையலைக் குறை சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். முன்பின் தெரியாத பால் வண்டிக்காரனுக்கே ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைக்கிற ஊரில், மெர்ல் அன்றிலிருந்து ஹார்லனுக்கு விரலைக்கூட அசைப்பதில்லை.

"இது எங்க வீட்டுக் கல்லறைங்க," என்றாள் ஆர்டிஸ்.

"நல்லா இருக்கே! இது எங்க ஹார்லனோட கொள்ளுப்பாட்டி."

"அப்போ வருஷா வருஷம் இந்தப் பிளாஸ்டிக் பூவ வைக்கிறது?"

"நான்தான். அதத் தூக்கிக் குப்பையில போடுறது?"

"...நான்தான். என் டப்பாவ நகத்திப் பக்கத்துக் கல்லறையில வைக்கிறது நீங்களா?"

"பாவம், அந்த மனுஷனுக்கு யாருமே இல்லியேன்னு வச்சேன்!"

கல்லில் 'குன்ஹில்ட், லார்ஸின் மகள்' என்று மட்டுமே இருந்தது; ஸ்லெட்டனும் இல்லை, பாக்கனும் இல்லை. இரண்டு பெண்களும் ஈரப் புல்லில் உட்கார்ந்து ஆளுக்குத் தெரிந்த பாதியைச் சொன்னார்கள். குன்ஹில்டுக்கு இரண்டு மகன்கள். நார்வேயில் பிறந்த பண்ணையின் பெயரை அண்ணன் வைத்துக்கொண்டு பாக்கன் ஆனான். வேலை பார்த்த பண்ணையின் பெயரை வைத்துக்கொண்டு தம்பி ஸ்லெட்டன் ஆனான். இங்கே வந்து எதிரெதிரே நிலம் பிடித்து, பிற்பாடு அம்மாவையும் வரவழைத்துக்கொண்டார்கள். தவளைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று தம்பி பெண்டாட்டி அழுததால், எட்டு வருஷம் கழித்து இருவரும் பண்ணையை மாற்றிக்கொண்டார்கள்.

ஆர்டிஸ் விரல் விட்டு எண்ணினாள். அப்படியென்றால் மெர்லுடைய நிலத்தை முதலில் உழுதவர் ஹார்லனுடைய தாத்தா. ஸ்லெட்டன் கணக்கில் நூறுக்கு எட்டு குறைகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று ஹார்லன் கையெழுத்துப் போட்டால்தான் பலகை.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தாள். மெர்ல் உருளைக்கிழங்கு குத்திய முட்கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஹார்லன் எனக்குப் பங்காளியா?"

"இதுல என்னப்பா அதிசயம்? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதுமேல ஒரே கோவம். ஊரே சொல்லுது," என்றான் ட்வைட்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே!"

"உங்கிட்ட யாரு சொல்லுவா?"

மெர்ல் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கப் போனார். வெகுநேரம் கழித்துச் சுத்தியலோடு மட்டும் வந்தார். ஆணி அங்கேயேதான் இருந்தது. ஆர்டிஸுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போட்ட சட்டையோடு, பலகைக்கான விண்ணப்பக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெர்ல் சாலையைக் கடந்தார். ஆர்டிஸும் கூடப் போனாள். ஹார்லன் கதவைத் திறந்தார், உள்ளே விட்டார். அதுவரைக்கும் சரி.

"காபி?" என்றார் ஹார்லன்.

"வேண்டாம், இருக்கட்டும்."

அந்த ஊர்ப் பக்கம் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் மனுஷனே இல்லை. இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதில்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் குடியேன்."

"ஐயோ, எதுக்குச் சிரமம்."

மூன்றாவதை ஹார்லன் கேட்கவில்லை. காபிக் கூஜாவைக் கையில் பிடித்தபடி, ஜன்னல் வழியாக மெர்லின் சோள வரிசைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்காவிட்டால் மெர்ல் உட்கார முடியாது. உட்காராவிட்டால் வந்த காரியத்தைப் பேச முடியாது. மெர்லின் காது சிவந்தது. 'மனுஷா, வாயைத் திறந்து கேளேன்' என்று ஆர்டிஸ் உள்ளுக்குள் கத்தினாள். மெர்ல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிக் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

"டேய்! பங்காளியக் காபி குடுக்காம அனுப்பினான்னு ஊரு என்னல்லாம் பேசும்!" ஹார்லனின் குரல் உடைந்தது. "வேணுமா வேண்டாமா, சொல்லித் தொலைடா!"

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "அரைக் கப்பு."

அரைக் கப்பு இரண்டு கூஜா ஆனது. சோளத்தில் தொடங்கி, மழைக்குப் போய், தவளைச் சத்தத்துக்கு அழுத பாட்டியிடம் வந்தபோது இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பால் கறக்கும் நேரம் வந்தபிறகுதான் ஆர்டிஸால் மெர்லைக் கிளப்ப முடிந்தது.

சாலையின் நடுவில் அவளுக்குச் சுருக்கென்றது. மெர்லின் பையில் காகிதம் மடித்தபடியே இருந்தது.

"மெர்ல்! கையெழுத்து?"

மெர்ல் பையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் துளி வருத்தமில்லை.

"நாளைக்கு வாங்கிக்கிறேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கான்," என்றார். "மூணு தடவ சொன்னான், ஆர்டிஸ்."