காற்றின் இரைச்சல் அடங்கியபோது

என் நைனா முதன்முதலாக விமானம் ஏறிய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. சித்தூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன மனிதர். திருப்பதியிலிருந்து ஹைதராபாத் போகும் விமானம் அது. நான் துணை விமானி. நைனா ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தோம். கேப்டன் பக்கத்து வேகமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. என் பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. வேகம் அளக்கும் குழாய்களில் ஒன்றைப் பனி அடைத்திருந்தது. அப்படி நேர்ந்தால் இரண்டையும் நம்பாமல், மூக்கின் சாய்வையும் எஞ்சின் விசையையும் தெரிந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது பாடம். கேப்டன் தன்னுடையதை நம்பினார். வேகத்தைக் குறைப்பதாக நினைத்து மூக்கை உயர்த்தினார்.

கண்ணாடியில் உரசிய காற்றின் இரைச்சல் மெல்ல அடங்கியது. மூக்கு மேலே பார்த்தது, உயரம் கூடவில்லை. இறக்கை காற்றின் பிடியை இழக்கப்போகிறது, அதைத்தான் ஸ்டால் என்போம், என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "சார், ஸ்பீடு..." என்றேன். அவர் கையைக் காட்டி அமர்த்தினார். வாயை மூடிக்கொண்டேன். பெரிய மனிதர்கள் முன்னால் குரல் எழுப்பாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

பிறகு இருக்கை அதிர்ந்தது. விமானத்தைச் செலுத்தும் கைப்பிடி கடகடவென்று நடுங்கியது. அந்த எச்சரிக்கைக்கு வேகமானி தேவையில்லை. இறக்கையில் காற்று படும் கோணத்தைப் பார்த்தே அது வருகிறது. கேப்டனோ, "அதுவும் பொய்" என்றார். உயரமானி இறங்கத் தொடங்கியது.

"ஸ்டால் சார், உடுங்க!" என்று அப்போதுதான் கத்தினேன். கைப்பிடியை முன்னால் தள்ளினேன். விமானம் சற்றே விழுந்து, திரும்பக் காற்றைப் பிடித்தது.

தரையிறங்கியதும் கேப்டன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்குக் கூசியது. அறிக்கையில், 'கைப்பிடி நடுங்கிய பிறகுதான் ஸ்டால் என்று உணர்ந்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பொய்.

நைனா வெளியே காத்திருந்தார். சட்டையெல்லாம் வாந்தி.

"எல்லாரும் கோயிந்தா கோயிந்தான்னு கத்திக்கினு இருந்தாங்கம்மா. நான் வாயே தொறக்கல. முன்னாடி என் பொண்ணு கீறா, ஒண்ணுன்னா அவ சும்மா இருப்பாளான்னு தெகிரியமா உக்காந்துக்கினு இருந்தேன்" என்றார்.

சும்மாதான் இருந்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.