நீராவியில் எழுந்த நாற்றம்

கியோத்தோவில் கோயில் வளாகத்தில் மாதம் ஒருமுறை கூடும் சந்தையில், என் ஊறுகாய்க் கடைக்கு அடுத்தது மிசாவோவின் கடை. பழைய கிமோனோக்களைப் பிரித்து, அந்தப் பட்டில் கைப்பை தைத்து விற்பவள். கணவன் விட்டுப் போனபின் அந்தத் தையலில்தான் மகளைப் படிக்க வைத்தாள். அவளுக்குத் துணி கொடுப்பவன் இசொகாய் என்ற தரகன்.

போன கோடையில் அவன் ஒரு மூட்டை கொடுத்தான். ஊதாக் கொடிப்பூ போட்ட அருமையான பட்டு. அத்தர் வாடைதான் தூக்கலாக இருந்தது. வீட்டில் தையலைப் பிரித்து இஸ்திரிப் பெட்டியின் நீராவியைக் காட்டியதும் அத்தர் கலைந்து, அடியிலிருந்து வேறொரு நாற்றம் கிளம்பியது. எலி செத்த அறையின் நாற்றம். அதில் ஒரு தித்திப்பும் கலந்திருந்தது. மிசாவோ வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

மூட்டையோடு அவனிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

“யார் வீட்டுத் துணி இது?”

“ஒரு கிழவியோடதுக்கா. தனியா இருந்துச்சு. செத்தது யாருக்கும் தெரியல. வெயில் காலம் வேற. பக்கத்து வீட்டுக்காரன் மூக்கப் பிடிச்சுக்கிட்டு போலீஸ கூப்பிட்ட பொறவுதான்...” பல் குத்திக்கொண்டே சொன்னான். “அண்ணன் மகன் வாசப்படிகூட மிதிக்கல. எல்லாத்தையும் அள்ளிட்டுப் போன்னுட்டான்.”

“அவங்க பேரு என்ன?”

“மூட்டைக்கு ஏதுக்கா பேரு? இத்தன வருஷமா நீங்க வெட்டுறதெல்லாம் செத்தவங்க துணிதானே. ரெண்டு தடவ அலசிட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

மிசாவோ மூட்டையை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தாள். வழியெல்லாம் கைகள் உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தாள்.

அடுத்த சந்தையில், எதிர்க்கடையில் அதே கொடிப்பூ பைகளாகத் தொங்கியது. ஓர் இளம்பெண் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“பழைய காலத்து வாசன. எவ்வளவு நல்லாருக்கு.”

மிசாவோவால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு மிசாவோவின் கடையைப் பார்த்தாள்.

“அப்ப உங்க பையெல்லாம் யாரோடதுங்க?”

மிசாவோ திரும்பி வந்து, தொங்கிய பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அன்று பாதியிலேயே கடையைக் கட்டினாள்.

இப்போது அவளே வீடு வீடாகப் போகிறாள். உடுத்தியவர் கையாலேயே கொடுத்தால்தான் வாங்குகிறாள். பலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடையில் பாதி கொக்கிகள் காலி. இசொகாய் இன்னமும் சந்தைக்கு வருகிறான், பல் குத்திக்கொண்டு. அவனுக்கு நான் ஊறுகாய் விற்பதில்லை.