கோட்டுக்குள் இருந்த மழை

ஒரு மழைக்கோட்டுக்குள் குறிப்பிட்ட அளவு மழைதான் இருக்கிறது என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். டோர்ச்சுக்குள் பற்றரி இருப்பதைப் போல. இருபது மழையையோ முப்பது மழையையோ தடுத்த பிறகு அதன் சக்தி தீர்ந்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் சட்டை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொந்தமாகக் கண்டுபிடித்தது. என்னுடைய பெரிய அனர்த்தங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு இருக்கும்.

இப்போது நானே சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். பெற்றோலுக்கு வரிசையில் நின்று கால் வீங்கிய நாட்களில் எடுத்த முடிவு அது. பார்வைக்குச் சாதாரண ஜக்கெட் போலவே இருக்கும், மழை தாங்கும் ஜக்கெட் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதன் கழுத்துக்குள் தைத்திருக்கும் சின்னப் பட்டியில் வாளி, ஸ்திரிக்கைப் பெட்டி என்று படம் கீறி, சிலவற்றின்மேல் குறுக்குக்கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், என்னை மனதில் வைத்தே யாரோ போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அப்போது நாங்கள் மன்னாரிலிருந்து வந்து பாலாவிப் பக்கம் குடியிருந்தோம். என் அக்கா, ராத்தாவுக்குப் பத்தொன்பது வயது. புத்தளம் பஸாரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த தட்டச்சு வகுப்புக்குச் சைக்கிளில் போய் வந்தாள். பஸ் இருந்தது. ஆனால் வகுப்பு நேரமும் பஸ் நேரமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. வெயில் காலம் முழுக்கச் சிக்கலில்லாமல் ஓடியது. ஐப்பசி மழை இறங்கியதும் வாப்பா வாய் திறந்தார்.

“நனஞ்ச உடுப்போட ஒரு நாள் ரோட்டால வந்தாலும், அந்த நாளோட சைக்கிள் முடிஞ்சுது.”

உடம்போடு ஒட்டிய உடுப்புடன் மகள் பஸாருக்குள்ளால் வருவதை அவரால் பொறுக்க முடியாது. அதைவிடச் சங்கடம், அவர் உப்பளத்தில் வேலை செய்தார். மழை தொடங்கினால் உப்பு இல்லை, வேலை இல்லை. ஆக, யார் நனைந்து வருகிறார்கள் என்று பார்ப்பதற்குத் தோதாக, வாசலைப் பார்த்துக் கதிரையைப் போட்டு மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பார். வழியிலும் ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் உப்பளம், கடலோரக் களப்பின் காற்று. குடை பிடித்தால் குடையும் சைக்கிளும் வெவ்வேறு திசைக்குப் போகும்.

ராத்தா வாதாடவில்லை. வாதாடுகிறவள் என்றால் நாங்கள் பயந்திருக்க மாட்டோம். பேசாமல் காரியத்தில் இறங்கினாள்.

முதலில் மீன்பிடிக்காரர் போடும் மஞ்சள் ரப்பர் கோட்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள் ஒரு துளி மழை இல்லை. ஆனாலும் தொப்பலாக நனைந்து வந்தாள், வியர்வையில். தன் சட்டம் வியர்வைக்கும் செல்லுமா என்று வாப்பாவுக்கே தெளிவில்லாததால் அன்று தீர்ப்பு வரவில்லை. வழியில் இரண்டு பேர் அவளை மறித்து இறால் இருக்கிறதா என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அடுத்து பொலித்தீன் விரிப்பைத் தைத்துப் பார்த்தாள். அது செயினுக்குள் மாட்டிக் கிழிந்தது.

மூன்றாவதாகத்தான் குடைச்சீலை. பஸாரில் குடை திருத்துபவரிடம், கம்பி உடைந்து கைவிடப்பட்ட கறுப்புக் குடைகள் ஆறு வாங்கி, சீலையை உரித்து, முக்கோணம் முக்கோணமாகப் பொருத்தி ஒரு நீளக் கோட்டுத் தைத்தாள். குனிந்து மிதிக்கும்போது மேலே ஏறாமல் இருக்கப் பின்பக்கம் நாலு விரல் கூடுதல். செயினில் சிக்காதிருக்க விளிம்பில் இலாஸ்டிக். காற்றுப் போக அக்குளடியில் சின்னத் திறப்பு. தையல் ஓட்டையால் தண்ணீர் வராமலிருக்க ஒவ்வொரு தையலிலும் மெழுகுதிரியைத் தேய்த்து, சூடாக்கிய கரண்டியின் முதுகால் அழுத்தினாள். போட்டால் மழைக்கோட்டு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அப்போதுதான் அபாயா எங்கள் பக்கம் மெல்ல வரத் தொடங்கியிருந்த காலம். பிள்ளை நல்ல மார்க்கப் பேணுதலாகிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுச் சாச்சி உம்மாவிடம் வந்து மகிழ்ந்தாள். ராத்தா அதை மறுக்கவில்லை.

கோட்டைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு. அவள் வந்து இறங்கியதும் வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, கிணற்றடிக் கொட்டிலின் நிழலில் தொங்கவிட வேண்டும். அதற்குக் கூலியாகக் கிணற்றைச் சுற்றி மூன்று தரம் சைக்கிள் ஓட்டலாம். சவர்க்காரத் தூள் போடாதே, முறுக்கிப் பிழியாதே, வெயிலில் காயப்போடாதே என்று மூன்று கட்டளை தந்தாள். காரணம் தரவில்லை. காரணம் இல்லாத இடத்தில்தான் என் கண்டுபிடிப்பு முளைத்தது. உள்ளே ஏதோ இருக்கிறது, அது தீர்ந்துபோகக் கூடியது. ஒவ்வொரு நாளும் கோட்டின்மேல் ஒரு கோப்பைத் தண்ணீரைத் தெளித்து, துளிகள் சேம்பிலையில் போல உருண்டு விழுகின்றனவா என்று சோதித்துக்கொண்டேன்.

வகுப்பின் கடைசிச் சோதனை ஒரு சனிக்கிழமை வந்தது. அதில் சித்தியடைந்தால் பஸாரில் ஒரு கடையின் கந்தோரில் தட்டச்சு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை ஒரு லொறி ராத்தாவின்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. கோட்டை என் கையில் தந்து, நன்றாகத் துடைத்துவை என்றாள். நான் துடைத்தேன். சோதனைக்குப் போகிற கோட்டு, சோதனைக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டாமா என்று பிறகு எனக்குப் பட்டது. வாளியில் இரண்டு கை சவர்க்காரத் தூள் போட்டு, தேங்காய்ப் பொச்சால் உரஞ்சி, ஏறி நின்று மிதித்து, முறுக்கிப் பிழிந்து, மிச்ச வெயிலில் விரித்தேன். ஒரு மாலைக்குள் மூன்று கட்டளையும் சரி.

காய்ந்தபின் தண்ணீர் தெளித்தேன். துளி உருளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ராத்தாவின் வேலை, கலியாணம், குடும்பத்தின் எதிர்காலம் அனைத்தும் அந்த வாளிக்குள் போய்விட்டதாக உணர்ந்தேன். எனவே ஓடிப்போய், இன்னும் ஊற்றாமல் வைத்திருந்த அதே அழுக்குத் தண்ணீருக்குள் கோட்டைத் திரும்ப அமுக்கினேன். வெளியே வந்த சக்தியை உறிஞ்சி எடுத்துக்கொள்ளட்டும் என்று. நூறுவரை எண்ணிப் பொறுமையாகக் காத்திருந்தேன்.

கோட்டுக்கு உண்மையில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சீலையில் தங்கிய சவர்க்காரம்தான் தண்ணீரை உள்ளே இழுத்தது. நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசித் தொங்கவிட்டு, தையலில் கொஞ்சம் மெழுகு தேய்த்திருந்தால் போதும். அரை மணி நேர வேலை. அதற்கு ராத்தாவிடம் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நானோ, இதை ஒருவருக்கும் தெரியாமல் நானே திருத்துவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தேன். அந்த வயதில் என் மன உறுதிக்கு நிகரில்லை. அறிவுதான் அதோடு சேர்ந்து வரவில்லை.

தண்ணீரில் கிடந்தும் தண்ணீர் ஏறாத சாமான் எது? தோணி. தோணிக்கு என்ன பூசுகிறார்கள்? சுறா எண்ணெய். என் வகுப்பில் ஒருவனுடைய வாப்பாவுக்குக் களப்பில் தோணி இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் போத்தல் கைமாறியது. ராத்தா வீட்டுக்குள் ஒரு காகித மட்டையில் தட்டச்சு எழுத்துகளைக் கீறிவைத்து, அதில் விரல்களை ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலுக்குள் பழைய துணியால் உள்ளும் புறமும் எண்ணெய் பூசினேன். தண்ணீர் தெளித்தேன். உருண்டது. சந்தோசத்தில் அழுகை வந்தது. மணத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. காற்று அப்போது களப்புப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை காற்று திரும்பியது.

சுபஹ் தொழுகை நேரத்திலிருந்தே உம்மா, பூனை எதையோ கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டுவிட்டதென்று தேடிக்கொண்டிருந்தாள். வானம் கறுத்து நின்றது. ராத்தா கொட்டிலுக்குள் போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“என்னத்தடா பூசின?”

“சுறா எண்ண.”

“எவ்வளவு?”

“ஒரு போத்தல்.”

“முழுசாவா?”

“கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதப் பொக்கெட்டுக்குள்ள ஊத்திட்டன்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “ஏன்டா தம்பி?”

“கோட்டுக்குள்ள இருந்த மழை முடிஞ்சு போச்சு ராத்தா.”

அடிப்பாள் என்று தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. கோட்டைக் கம்பால் தூக்கி வேலியில் போட்டாள். உள்ளே போய் ஒரு சோடி உடுப்பையும் முக்காட்டையும் பொலித்தீன் பைக்குள் வைத்து, அதற்குமேல் இன்னொரு பையும் போட்டு இறுக்கி முடிந்து, சைக்கிள் கரியரில் கட்டினாள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவ்வளவு இலகுவான வழி அவளுக்கு முதலே தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வாப்பா கதிரையில் இருந்தார்.

“கோட்டு எங்க மகள்?”

“கோட்டு இல்ல வாப்பா.”

“வானத்தப் பாத்தியா?”

“பாத்தன். நனஞ்சுதான் போவன். திரும்பவும் நனஞ்சுதான் வருவன். ஆனா போவன்.”

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. வாப்பா பதில் சொல்வதற்குள் சைக்கிள் வேலிப் படலையைத் தாண்டிவிட்டது.

அவள் உப்பளத்தை எட்டுவதற்குள் மழை கொட்டியது. நான் படலையடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தி, எனக்குத் தெரிந்த குர்ஆன் சூறாக்களை எல்லாம் ஓதினேன். ஐந்து தெரியும். திரும்பத் திரும்ப ஓதினேன். ராத்தாவின் சைக்கிளை விற்கும்போது நான் மன்னாருக்கு ஓடிவிடுவது என்றும் தீர்மானித்தேன், வழி தெரியாவிட்டாலும். வாப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து, என் பக்கத்தில் நனைந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனார். திரும்ப வந்தார். தண்டனையைக் கொடுக்க அவருக்கு இவ்வளவு அவசரமா என்று நினைத்தேன்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ராத்தா வந்தாள். அங்கே மாற்றிப் போட்ட உடுப்பும் வரும் வழியில் நனைந்திருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாப்பாவுக்கு நேரே வந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

“அவளுக்கு ஒரு துவாய் எடுத்துக் குடு,” என்று வாப்பா உம்மாவிடம் சொன்னார்.

அவ்வளவுதான். வேலியில் கிடந்த கோட்டின் நாற்றத்தில் மனிதருக்கு வாய் திறக்க முடியவில்லை என்றும், என் எண்ணெய்தான் சைக்கிளைக் காப்பாற்றியது என்றும் நெடுங்காலம் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்தா சோதனையில் சித்தியடைந்தாள். ஜனவரியில் அந்தக் கந்தோரில் சேர்ந்தாள். மழை பெய்த நாட்களில் நனைந்துகொண்டே சைக்கிளில் போய் வந்தாள்.