தப்பு வந்தால் ஒரு தட்டு

இது கதை இல்லை. காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமே இல்லை. என் கணவரே முதலில் சிரித்தவர்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நள்ளிரவு, மழை, மின்வெட்டு என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டரை மணிக்கு, என் சொந்த வீட்டில், துணி அலமாரிக்குள்.

அலமாரிக்குள் உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலையேதான். குடும்ப வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கித் தருவது என் தொழில். பிறந்தநாள், கல்யாண நாள், பணி ஓய்வு எல்லாம் வரும். பின்னணிக் குரலும் நானே கொடுத்துவிடுவேன். ஸ்டுடியோவுக்கெல்லாம் நமக்கு வசதி ஏது? அலமாரிக்குள் ஒரு ஸ்டூல் போட்டு, இரண்டு பக்கமும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டால் எதிரொலி வராது. ஒரு மைக், கைபேசி வெளிச்சம், வாசிக்க வேண்டிய தாள். அவ்வளவுதான். என் அக்கா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "கடுகு, துணியோட துணியா உன்னையும் மடிச்சு வெச்சிடப் போறாங்க" என்றாள். கடுகு என்பது நான்தான். சட்டென்று வெடிப்பேன் என்று வீட்டில் வைத்த பெயர்.

எங்கள் கட்டடம் மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைதான் அமைதியாக இருக்கும். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் பதிவு எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான்.

என் தொழிலில் ஒரு சின்ன வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மற்றது புரியும். வாசிக்கும்போது நாக்கு குழறினால் நான் மைக்கை நிறுத்த மாட்டேன். பளாரென்று ஒரு தடவை கைதட்டுவேன். ஒரு விநாடி விட்டு, அதே வரியை மறுபடி வாசிப்பேன். பிறகு கணினியில் போட்டுப் பார்த்தால் குரல் சின்னச் சின்ன மேடாக ஓடும். கைதட்டிய இடம் மட்டும் கம்பம் நட்ட மாதிரி உயரமாக நிற்கும். முழுதும் உட்கார்ந்து கேட்க வேண்டாம். கம்பம் நிற்கிற இடத்தில் தப்பு இருக்கிறது. போய் வெட்டினால் வேலை முடிந்தது.

அந்த வாரம் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா இருந்த வீட்டிலேயே நினைவுக் கூட்டம். சொந்தக்காரர்கள், அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், பதினெட்டு நிமிடத்தில் ஒரு படம் வேண்டும் என்றார். அம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரலே போய்விட்டதாம். கடைசி மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதனால நீங்க அம்மாவாவே பேசணும். 'நான்', 'என் மகன்' அப்படின்னு. வசனம் நானே எழுதிட்டேன்" என்று தாளை நீட்டினார்.

மேலோட்டமாகப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் கண் நின்றது. நான்கே வாக்கியங்கள்.

'நான் நம்பிய பெண் சொல்லாமல் கொள்ளாமல் என்னை விட்டுப் போனாள். ஞாயிறு ராத்திரி நான் தவறி விழுந்தேன். விடிவதற்குள் என் மகன் ஓடி வந்தான். அவன் மடியிலேயே கண்ணை மூடினேன்.'

"யார் சார் இந்தப் பொண்ணு?"

"அம்மாவைப் பாத்துக்க வெச்சிருந்தவ. இப்பவும் அதே தெருவுல நாலு வீட்ல வயசானவங்களைப் பாத்துக்குறா. படம் முடிஞ்சதும் ஒரு வீட்லயும் அவளைச் சேக்க மாட்டாங்க. எனக்கு அது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணின் பிழைப்பு என் வாயால் போகப் போகிறது. ஆனால் அம்மாவைப் பறிகொடுத்தவர், கோபம் இருக்காதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதானே என் வேலை.

செவ்வாய்க்கிழமை மதியம் 2.20க்கு அலமாரிக்குள் போனேன். இரண்டு இடத்தில் நாக்கு குழறியது. இரண்டு தட்டு. வெளியே வரும்போது 2.38.

சாயங்காலம் கணினியில் பார்த்தால் ஆறு கம்பங்கள்.

எனக்கு மறதி உண்டுதான். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள்தான். ஆனால் நான்கு தடவை கைதட்டியதை மறக்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை. அந்த நான்கு இடங்களையும் போட்டுக் கேட்டேன். வாசிப்பில் தப்பே இல்லை. ஒரு எழுத்துகூட இடறவில்லை. நான்கும் கடைசிப் பத்தியில் இருந்தன. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு தட்டு.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவர். "உன் வாசிப்பைக் கேட்டு கைதட்டவும் ஒரு ஆள் கிடைச்சுதே, சந்தோஷப்படு" என்று சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலில் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தேன்.

புதன்கிழமை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை ஒரு முடிவோடு போனேன். கையையே தட்டுவதில்லை, தப்பு வந்தால் 'தப்பு' என்று வாயால் சொல்லிக்கொள்வது. இரண்டு கைகளாலும் தாளைப் பிடித்துக்கொண்டேன். கைபேசியில் நேரம் பார்த்தேன். சரியாக 17 நிமிடம் 50 விநாடி.

கணினியில் அதே பதிவு 17 நிமிடம் 54 விநாடி.

நான்கு கம்பங்கள். அதே நான்கு இடங்கள்.

ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். என் தட்டு சுள்ளென்று இருக்கும். இது அப்படி இல்லை. சதை இல்லாத கை. உள்ளங்கை இரண்டும் சரியாகச் சேராத மாதிரி ஒரு சத்தம். தட்டு விழுந்த பிறகு ஒரு விநாடி இடைவெளி. நான் அப்படி ஓர் இடைவெளியே விடவில்லை. நான்கு தட்டுக்கு நான்கு விநாடி. வரியைத் திருத்தி வாசிப்பதற்காக யாரோ எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.



உடனே ஒப்பந்ததாரருக்கு போன் செய்தேன்.

"சார், அவங்க விழுந்தது ஞாயிறு ராத்திரின்னு எப்படித் தெரியும்?"



"எழுதினதை வாசிங்க மேடம்."

வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை. காலையிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். அலமாரிப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கென்று ஒரு வீம்பு இருக்கிறதே. 2.26க்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். மைக்கில் விழுவது அப்போதைக்கப்போதே என் காதில் கேட்கும்.

கடைசிப் பத்தியை மட்டும் எடுத்தேன்.

"நான் நம்பிய பெண் சொல்லாமல் கொள்ளாமல் என்னை விட்டுப் போனாள்."

தட்.

ஹெட்போனில் வலது பக்கம். வலது பக்கம் கம்பளி தொங்குகிறது. அதற்குப் பின்னால் மரப்பலகை. அதற்குப் பின்னால் சுவர்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒன்றும் இல்லை. மாட்டினேன்.

யாரோ காத்திருந்தார்கள்.

எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தப்பு வந்தால் வரியைத் திருத்தி வாசிப்பது இருபது வருடப் பழக்கம். வாய் தானாகத் திருத்தியது.

"நான் நம்பிய பெண் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்."

சத்தம் இல்லை.

"ஞாயிறு ராத்திரி நான் தவறி விழுந்தேன்."

தட்.

"சனி ராத்திரி நான் தவறி விழுந்தேன்."

தட்.

கைபேசியில் மணி 2.31.

"வெள்ளி..."

சத்தம் இல்லை.

"வெள்ளிக்கிழமை நான் தவறி விழுந்தேன்."

சத்தம் இல்லை... சத்தம் இல்லை...

பிறகு ஆரம்பித்தது.

தட். தட். தட்.

ஒன்றோடு நிற்கவில்லை. நிற்கவே இல்லை.

தப்பைக் காட்டுகிற தட்டு இல்லை அது. யாரையோ கூப்பிடுகிற தட்டு.

கம்பளி அசையவில்லை. சத்தம் மட்டும்... கீழிருந்து. என் கால் பக்கத்திலிருந்து. தரையிலிருந்து.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். செருப்புகூடப் போடாமல் மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தவள்தான், 4.10க்குக் கணவர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் என்னைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். ஒருத்தன், "ஆன்ட்டி, வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கணவர் உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். மைக் இன்னும் பதிவாகிக்கொண்டே இருந்ததாம். நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முதலில் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது மெல்லப் போனது. எவ்வளவு நேரம் கேட்டார் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. கழற்றி வைத்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன கேட்டுச்சு?"

"நீ இதைக் கேக்க வேணாம்."

இன்று வரை அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நான்கு வாக்கியங்களையும் வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை முடித்தேன். ஒப்பந்ததாரரிடம் போனில் சொன்னேன்.

"கடைசிப் பத்தியை என்னால வாசிக்க முடியாது சார். வேற ஆள் வேணும்னா பாத்துக்கோங்க."

"ரெண்டு நாள்ல நான் யாரைப் பிடிக்கிறது?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "பரவால்ல. அதை நானே எழுந்து சொல்லிக்கிறேன்."

அதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. நான் வாசிக்காவிட்டால் மட்டும் அந்தப் பெண் தப்பித்துவிட்டாளா? என்ன ஆதாரம் வைத்து நான் எழுந்து நிற்பது? அலமாரியில் கைதட்டுகிறார்கள் என்றா?

ஞாயிற்றுக்கிழமை மாலை 5.15. அம்மா இருந்த வீடு மாடியில். முன்னறையில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் புரொஜெக்டரைக் கொண்டுபோய் வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினேன். என் குரலில் அந்த அம்மா பேசினார். பதினேழு நிமிடமும் என் காது வேறெதற்கோ காத்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டும் இல்லை. வாசல் ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டே பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு துணிப்பை. படத்தில் அம்மா வருகிற இடமெல்லாம் அவள் முகம் மலர்ந்தது. யாரென்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் முடிந்தது. ஒப்பந்ததாரர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கம்மா கடைசி நாள் பத்தி ஒண்ணு சொல்லணும். இங்கேயே ஒருத்தி நிக்குறா..."

"கடைசி நாள் நல்லாத்தான் இருந்தாங்க தம்பி" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது. கீழ் வீட்டில் குடியிருக்கும் அம்மா. ஆறுதல் சொல்கிற மாதிரி, அன்பாகச் சொன்னார். "நீ அதையே நினைச்சு வருத்தப்படாதே. சந்தோஷமா டி.வி. பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஏதோ கைதட்டுற நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சது, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க வீட்ல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ராத்திரியும் விடலை. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்னு மேல வரப் பாத்தேன். அதுக்குள்ள அதுவே குறைஞ்சு போச்சு."

ஒப்பந்ததாரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வாசல் ஓரத்துப் பெண் துணிப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானே சார் வெள்ளிக்கிழமை காலையில என்னை அனுப்புனீங்க? மூணு நாள் நான் பாத்துக்கிறேன், திங்கக்கிழமை வந்தா போதும்னு?"



பிறகு கீழ் வீட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"இந்த வீட்ல டி.வி. கிடையாதும்மா. குரல் போனதுக்கப்புறம் அவங்க கையைத் தட்டித்தான் கூப்பிடுவாங்க."

கீழ் வீட்டு அம்மா இருந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் புரொஜெக்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இறங்கும்போது படிகளை எண்ணினேன். கீழ் வீட்டுக் கதவிலிருந்து அந்த வீட்டுக் கதவுக்குப் பதினாறு படிகள்தான்.