குழந்தையின் காதைப் பொத்தியவர்

லாஸ்பேட்டையில் எங்கள் மாடியில் குடியிருந்தார். ஒல்லியானவர். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் கைக்குழந்தையின் காதுகளை உள்ளங்கைகளால் பொத்துவார். அப்படியும் அது வீறிட்டு அழும்.

விமானச் சத்தம் பற்றித் தெருக்காரர்களிடம் குறை கேட்க விமான நிலைய அதிகாரி வந்தபோது, மாடிக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க பெரியவரு, நீங்களே சொல்லுங்க சார். புள்ள சரியாத் தூங்கவே மாட்டேங்குது," என்றார்.

நான் எழுந்து, "எங்களுக்குப் பழகிவிட்டது," என்று சொல்லிவிட்டேன். பெங்களூரிலிருந்து என் மகன் அந்த விமானத்தில்தான் வருவான். அது நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

மாடிப்படியில் அவரிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

"உங்க புள்ள வர்ற பிளேனா? முன்னாடியே சொல்லியிருந்தா உங்களக் கேட்டிருக்கவே மாட்டேனே சார்!"

சீக்கிரமே அரியாங்குப்பத்துக்குக் குடிபோனார். வண்டி ஏறும்போது, "புள்ள வந்தா வீட்டுக்கு அழைச்சிக்கிட்டு வாங்க சார்," என்றார்.

குத்தலா, அழைப்பா, தெரியவில்லை. மகன் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறான். நான் இன்னும் அழைத்துப்போகவில்லை.